எல்லைக் கிராமத்து வைக்கோலும் தலைநகரத்துப் புகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவர் சிலம்பையோ கம்பனையோ கையில் எடுப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. எனக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் அவ்விருந்தை வயிறார அளித்துவிட்டனர். உழவுத் தொழிலோடு வாழ்நாளைக் கழித்த என் போன்றவன் கம்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது கம்பனுக்கும் நல்லதன்று, உங்களுக்கும் நல்லதன்று. ஆகவே நான் வைக்கோலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். ஐப்பசி பிறந்து கார்த்திகை முடியும் வரை இத்தலைநகரில் மூச்சு விட்டு வாழ்ந்த எவரும் வைக்கோலைப் பற்றிச் சிரிப்பதற்கில்லை. சாளரங்களை அடைத்துக்கொண்டு, பிள்ளைகளை மாலையில் விளையாட விடாமல், முதியோர்க்கு இருமல் மருந்து தேடி அலைந்த அந்நாட்களை இக்காலனியில் மறந்தவர் யார்? அப்புகை முழுவதும் வயலிலிருந்து வருவதன்று. வண்டிகள், தொழிற்சாலைகள், கட்டட வேலையின் தூசி ஆகியவற்றுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வயற் புகையின் பங்கு சிறிதே. ஆயினும் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் முதற் பாதியிலும் வரும் ஒரு சில நாட்களில், தில்லிக் காற்றிலுள்ள நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிந்த நெல்தாளிலிருந்து வந்தது என்று வானிலை ஆய்வாளர் கணித்திருக்கின்றனர்.

இச்சங்கத்தில் தென்கோடிக் குடும்பங்கள் பல உள்ளன என்பதை அறிவேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை என்று நான் சொல்லும்போதே சில முகங்கள் மலர்வது இங்கிருந்து தெரிகிறது. நானும் அப்பக்கத்தவனே. ஆதலின் எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக உண்டு. நெல் அங்கும் விளைகிறது, இங்கும் விளைகிறது. நம்மூரில் வைக்கோற் படப்பு தீப்பற்றிக்கொண்டால் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். இங்கோ உழவனே தன் கையால் வயலுக்குத் தீ வைக்கிறான். அவனும் உழவன், நம்மவனும் உழவன். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்காக ஊரைச் சிறிது சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாறு பாயும் நாடு நெய்யாற்றின்கரை வட்டம். அவ்வட்டத்தின் தென்கோடியில் இருப்பது பாறசாலை. அதனைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்கள் மக்களின் மொழியைப் பார்த்தார்கள். மண்ணுக்கு அவர்கள் கிழித்த கோடு தெரியாது. இருபுறமும் ஒரே செம்மண் மேடு, ஒரே வெட்டுகல். மேட்டிலே தென்னையும் பலாவும் மரச்சீனியும். இரண்டு மேடுகளுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் நீண்ட பள்ளத்திலே நெல். அப்பள்ளத்து வயல் நிரையை நாம் 'ஏலா' என்போம். தஞ்சாவூர்க்காரரிடம் இச்சொல்லைச் சொன்னால் கண்ணை விழிப்பார்; பாறசாலையில் தமிழரும் மலையாளியும் ஒருங்கே வழங்கும் சொல் இது.

ஏலாவில் இரண்டு பூ. ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. மாசியில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூ வைக்கோலை நம்புவதற்கில்லை. அறுத்துப் போட்ட மறுநாளே மழை பிடித்துக்கொள்ளும். தாள் நனைந்து கறுத்துப்போகும். அதனை மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படிக் கெட்ட வைக்கோல் தென்னை மூட்டுக்குப் போகும். இல்லையெனில் எருக்குழிக்குப் போகும். கும்பப்பூ வைக்கோலே வைக்கோல். மாசி வெயிலிற் காய்ந்து பொன்னிறமாய் வரும். அரிவாளால் அடியோட்டி அறுத்து, கற்றை கட்டிக் களத்திற்குச் சுமந்து, அடித்து, உதறி, வெயிலிற் புரட்டி, வீட்டின் ஓரத்திலே படப்பு ஏற்றுவார்கள். படப்பு ஏற்றுவது ஒரு கலை. மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்காதபடி மேலே குவித்து முடிய வேண்டும். சரியாக ஏற்றாத படப்பைக் கண்டால் வீட்டுக்காரனின் சோம்பலை ஊரே அளந்துவிடும். பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் படப்பைப் பார்த்தார்கள் என்று எங்கள் பக்கத்து முதியோர் சொல்வார்கள். அதிற் பாதி கேலியாயினும் பாதி உண்மையே.

ஒரு டன் நெல் விளைந்தால் ஏறக்குறைய அதே அளவு, சில இரகங்களில் ஒன்றரைப் பங்கு, வைக்கோல் விளைகிறது. ஆகவே உழவன் அறுப்பது நெல் மட்டுமன்று. அவ்வளவு எடையுள்ள வேறொரு விளைவையும் அவன் அறுக்கிறான். அவ்விரண்டாம் விளைவை நம் ஊர் எவ்வாறு செலவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். பசுவின் வயிற்றுக்கே முதற் பங்கு. பின்னர்த் திரித்துப் பிரியாக்கினால் கட்டுவதற்குக் கயிறு. வளைத்துச் சுற்றினால் பானை வைக்கும் புரிமணை. வாழைக்குலையைப் பழுக்கவைக்கும் குழிக்கு மெத்தை. குயவன் சூளைக்கு மூட்டம். தொழுவத்தில் மாடு தின்று கழித்த மிச்சம் சாணத்தோடும் கோமியத்தோடும் கலந்து எருக்குழிக்குப் போகும். அங்கே பூவரசந் தழையும் அடுப்புச் சாம்பலும் சேர்ந்து மட்கி, அடுத்த பூவுக்கு முன் தலைச்சுமையாய் ஏலாவிற்கே திரும்பும். வயலிலிருந்து புறப்பட்ட வைக்கோல் பசுவின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வயலுக்கு வந்து சேர்ந்தது. இப்படிக் கேட்பாரும் எடுப்பாரும் வழிநெடுக நிற்கும்போது தீ வைக்க இடம் ஏது?

இப்போது வடக்கே வருவோம். பஞ்சாபில் நெல் பழைய பயிரன்று. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சியில், நாட்டின் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க, கோதுமை நாட்டுக்கு நெல் பெருவாரியாக வந்து சேர்ந்தது. நம் ரேஷன் கடைகளில் நாம் வாங்கிய அரிசியில் அந்நாட்டு உழவனின் வியர்வை உண்டு. அதை மறந்து அவனைத் திட்டுவது நன்றியுடைமை ஆகாது. இன்று அங்கே முப்பது இலட்சம் எக்டேர் அளவில் நெல் பயிராகிறது. ஆண்டுதோறும் சேரும் வைக்கோல் ஏறத்தாழ இரண்டு கோடி டன். அதனை அறுப்பது அரிவாளன்று, அறுவடை இயந்திரம். அது கதிரைக் கொய்து, மணியைப் பிரித்து, தாளை முழங்கால் உயரத்தில் நிறுத்திவிட்டு, உதிர்ந்த வைக்கோலை வயல் நெடுகச் சிதறிக்கொண்டு போய்விடும். நம் பசு நெல் வைக்கோலை உண்டு வளர்ந்தது. பஞ்சாபிப் பசுவும் எருமையுமோ கோதுமை வைக்கோலை உண்டு பழகியவை. பாசுமதியின் தாளை ஓரளவு ஏற்பார்கள். மற்ற நெல்லின் தாளில் மணற்சத்து மிகுதி, அதனைத் தீனிக்கு விரும்புவாரில்லை. ஆக, அங்கே நெல் வந்தது. நெல்லோடு வைக்கோலும் வந்தது. அதனைக் கேட்கும் வாய் மட்டும் வரவில்லை.

இதற்கு மேல் ஒரு விசித்திரம் நேர்ந்தது. கிணறுகள் ஆழத்துக்கு ஆழம் போவதைக் கண்டு, நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாப் அரசு 2009ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நாற்று நடக்கூடாது என்று அன்று அது விதித்தது. மழை நெருங்கும்போது நட்டால் இறைக்கும் நீர் குறையும் என்பது அதன் கருத்து. அரியானாவும் அவ்வாண்டிலேயே அவ்வழியிற் சென்றது. நல்ல சட்டந்தான். ஆனால் நடவு பின்னே தள்ளினால் அறுவடையும் பின்னே தள்ளும். அறுவடை அக்டோபர் நடுவுக்குப் போயிற்று. கோதுமையோ நவம்பர் முதற் பாதியில் விதைத்தாக வேண்டும். நீண்ட நாள் வயதுடைய நெல் இரகங்களை நட்டவர்க்கு இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரமே. அத்துணைக் குறுகிய காலத்தில் ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வைக்கோலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கூலியாள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கட்டுபடியாவதில்லை. தீக்குச்சியின் விலை உங்களுக்குத் தெரியும். மேலும், முன்பு செப்டம்பர் இறுதியில் எரிந்தபோது காற்று ஓரளவு வீசிப் புகையைக் கலைத்தது. இப்போது எரிவதோ காற்று அடங்கி, குளிர் இறங்கி, வானம் மூடிபோற் கவிந்துகொள்ளும் காலம். வடமேற்குக் காற்று அப்புகையை இத்தலைநகரின் மேல் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. நீரைக் காக்கப் போய் மூச்சை இழந்த கதை இது. ஒரு கயிற்றை இழுத்தால் மறுகோடியில் எது அசையும் என்று பார்த்து இழுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

புகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு டன் நெல் வைக்கோல் எரிந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ நுண்துகளும், அறுபது கிலோ கார்பன் மோனாக்சைடும், ஆயிரத்து நானூற்று அறுபது கிலோ கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன என்பது நம் நாட்டு விஞ்ஞானிகள் கொடுத்துள்ள கணக்கு. கரியமில வாயுவின் எண்ணைக் கண்டு மிரள வேண்டா. அதிற் பெரும்பகுதியை அடுத்த பயிர் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். மிரள வேண்டியது அந்த மூன்று கிலோவைக் கண்டு. அதில் மிகப் பெரும்பகுதி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதனைத் தடுத்து நிறுத்த மாட்டா. நுரையீரலின் அடிவரை சென்று குருதியிலும் கலக்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் அரசு வகுத்த வரம்பு. 15க்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. நவம்பரின் கொடிய நாட்களில் இந்நகரம் கண்டது பல நூறு. ஈளை நோயுள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்க்கு இவ்வெண்களை நான் விளக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு நேர்வதை அனைவரும் பேசுகின்றனர். மண்ணுக்கு நேர்வதைப் பேசுவார் குறைவு. ஒரு டன் வைக்கோலில் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும், இரண்டே கால் கிலோ மணிச்சத்தும், இருபத்தைந்து கிலோ சாம்பல் சத்தும் அடங்கியுள்ளன. தீயிட்டால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பல் சத்திற் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். ஆதலால்தான் எரித்த வயலில் அடுத்த பயிர் சற்றுக் கறுத்து வளர்வதைக் கண்டு உழவன் ஏமாந்து போகிறான். முதல் மழையில் அச்சாம்பலும் வாய்க்காலில் இறங்கிவிடும். எல்லாவற்றினும் பெரிய இழப்பு மட்கு. வைக்கோல் மண்ணில் மட்கினால் மண் பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைக்கும். மண்புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்க்கும் அதுவே சோறு. தீ அச்சோற்றையும் அழித்து, மேல்மண்ணில் அதனை உண்ண இருந்தவற்றிற் பலவற்றையும் அழிக்கிறது.

"பூச்சி சாகும் ஐயா, அதற்காகத்தான் கொளுத்துகிறோம்" என்று சொல்லும் உழவர்களை நான் கண்டிருக்கிறேன். அதில் ஓரளவு உண்மை உண்டு. தண்டு துளைக்கும் புழு அறுத்த தாளுக்குள் ஒளிந்து கிடக்கும். ஆனால் தீ ஆள் பார்த்துச் சுடுவதில்லை. நெற்பயிரைப் புகைபட்டாற்போற் கருக்கிவிடும் ஒரு சிறு பூச்சிக்குத் 'புகையான்' என்றே நம் உழவர் பெயரிட்டனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! அப்புகையானைப் பிடித்துத் தின்று நமக்கு வேலை செய்வது வயற்சிலந்தி. வரப்பிலும் தாளிலும் குடியிருக்கும் சிலந்தியைக் கொளுத்திவிட்டுப் பின்னர்ப் புகையானுக்கு மருந்து வாங்கக் கடைக்கு ஓடுவது, காவற்காரனை விரட்டிவிட்டுப் பூட்டு வாங்கப் போவதற்கு நிகர்.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. தடை, தண்டம், மானியம் என எல்லாம் வந்தன. 2018 முதல் மத்திய அரசு இயந்திரங்களுக்கு மானியம் வழங்கிவருகிறது. 2019 நவம்பரில், எரிக்காத சிறு உழவர்க்குக் குவிண்டாலுக்கு நூறு ரூபாய் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 நவம்பரில் தண்டத்தை இரட்டிப்பாக்கினர். இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவனுக்கு ஐயாயிரம், ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவனுக்கு முப்பதாயிரம். செயற்கைக்கோள் கண்ட தீயின் எண்ணிக்கை பஞ்சாபில் 2021ஆம் ஆண்டு எழுபத்தோராயிரத்துக்கு மேல். 2024இல் பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வீழ்ச்சியை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன், முழுவதும் நம்பவில்லை. அச்செயற்கைக்கோள் வயலைக் கடப்பது குறித்த வேளைகளிலேயே. அது கடந்து போன பின் மாலையில் மூட்டிய தீ கணக்கில் ஏறுவதில்லை என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தண்டத்துக்கு அஞ்சியவன் எரிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்வான். வைக்கோலுக்கு விலை கிடைத்தவனே எரிப்பதை விடுவான். தாளை அகற்றாமலே அதனூடே கோதுமையை விதைக்கும் 'ஹாப்பி சீடர்' என்னும் கருவி, லூதியானாவிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அறிஞர்களும் கூடி உருவாக்கியது. மிக நல்ல கருவி. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு பயிர்க்கழிவுக் கட்டிகளைச் சேர்த்து எரிக்க வேண்டுமென்று 2021இல் ஆணை பிறந்தது. இவையெல்லாம் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. வைக்கோலைக் கேட்பதற்கு ஒரு வாயைத் தேடுகிறார்கள்; எங்கள் ஏலாவில் அவ்வாய் தொழுவத்திலேயே கட்டிக் கிடந்தது.

கிடந்தது என்று இறந்த காலத்திற் சொன்னேன். அதனையும் விளக்கிவிட வேண்டும். இல்லையேல் நம்மூரைப் புகழ்ந்து இந்நாட்டு உழவனை இகழ்ந்தவனாவேன்.

கேரளத்தில் 1970களின் நடுவில் எட்டே முக்கால் இலட்சம் எக்டேர் நெல் விளைந்தது. இன்று எஞ்சியிருப்பது இரண்டு இலட்சம் எக்டேர் அளவே. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஏலாக்கள் இந்த இழப்பில் முன்வரிசையில் நிற்கின்றன. ஒரு வயலில் வாழை ஏறிற்று, அடுத்ததில் மரச்சீனி, மூன்றாவதன் களிமண்ணைச் செங்கற்சூளைக்கு வெட்டினார்கள், நான்காவதை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டினார்கள். நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்கும் சட்டம் 2008இல் வந்தபோது காப்பதற்கு மிஞ்சியிருந்தது கொஞ்சமே. எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டுப் பக்கத்துக் கதை வேறு. நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் அங்கே நீர் ஊட்டிவந்தது. 2004இல் அந்நீர் நின்றது. இரு மாநிலங்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் நியாயத்தை இம்மேடையில் பேசுவது என் வேலையன்று. ஏலாவின் இருபுறத்துக்கும் முடிவு ஒன்றாயிற்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வயல் போயிற்று, பசு உடனே போகவில்லை. இரண்டு பசு வைத்துப் பால் சங்கத்துக்கு ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் எங்கள் ஊரிற் பலர். அப்பசுவுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? களியக்காவிளைச் சாலையிற் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். வண்டியின் உடலே தெரியாதபடி வைக்கோல் பிதுங்க, வீடு ஒன்று நகர்ந்து வருவதுபோல் ஆடி ஆடி வரும் லாரிகள். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் எல்லை கடந்து வரும் வைக்கோல் அது. "அண்ணாச்சி, போன தடவை கொண்டுவந்தது நனைஞ்ச சரக்கு, இந்தத் தடவை பிரிச்சுக் காட்டிட்டு இறக்குங்க" என்று லாரிக்காரரிடம் ஒரு கைம்பெண் பேரம் பேசுவதைக் கேட்டு நின்றிருக்கிறேன். பணம் எண்ணிக் கொடுப்பதற்குள் ஒவ்வொரு கட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டார்.

இந்தப் பேரத்துக்குள் ஒரு பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு வயல்களிலும் இப்போது அறுவடை இயந்திரமே ஓடுகிறது. அங்கும் தாள் சிதறித்தான் கிடக்கிறது. காவிரிப் படுகையில் சிற்சில இடங்களில் தீயிடும் வழக்கமும் தலைகாட்டியதுண்டு. ஆனால் பஞ்சாபைப் போல் பரவவில்லை. ஏன்? அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே, வைக்கோலைச் சுருட்டி உருளைக் கட்டாக்கும் இயந்திரம் வந்து நிற்கிறது. கட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்த விலைக்குப் பின்னே நிற்பது யார்? தம் ஊர்த் தொழுவங்களோடு கேரளத்துத் தொழுவங்களும். பாறசாலையில் ஒரு பசு பசித்துக் கத்துவதனால் எங்கோ ஒரு தமிழ்நாட்டு வயல் எரியாது தப்புகிறது. எல்லைக்கோடு பிரித்த இரண்டு நாட்டையும் வைக்கோற் கயிறு இன்றும் கட்டி வைத்திருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரமன்று.

அக்கயிறு தேய்ந்துவருகிறது என்பதே என் கவலை. கேரளத்தில் 1996ஆம் ஆண்டுக் கணக்கில் மாடுகள் ஏறக்குறைய முப்பத்து நான்கு இலட்சம். 2019இல் பதின்மூன்று இலட்சத்துச் சொச்சம். பால் கறக்கும் வேலையை இளைய தலைமுறை விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனெனில் என் பிள்ளைகளும் விரும்பவில்லை. தொழுவம் காலியானால் கேட்பதற்கு வாய் இராது. வாய் இல்லாத நாட்டில் வைக்கோல் என்ன ஆகும் என்பதை இத்தலைநகரில் ஆண்டுதோறும் முகர்ந்து பார்க்கிறோம். குட்டநாட்டிலே, புஞ்சை அறுத்த பின் அடுத்த பயிருக்கு நிலத்தை ஒழிக்கும் அவசரத்தில் தாளைக் கொளுத்துவது இப்போதே நடக்கிறது. இஃது எங்கோ வடக்கே நடக்கும் கொடுமை என்று நாம் எண்ணியிருக்க இயலாது.

இன்னொன்றும் உண்டு. ஏலாவில் தீ இல்லையென்றாலும் மேட்டுப் புரையிடத்தில் தீ உண்டு. பலாச் சருகு, ரப்பர்ச் சருகு, வெட்டிய மரச்சீனிக் கம்பு, காய்ந்த வாழைச்சருகு எல்லாவற்றையும் மாலையிற் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நாள்தோறும் நடப்பது. இக்காலத்தில் அக்குவியலிற் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்துகொள்கிறது. கொசு ஓடும் என்பார்கள். கொசு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு, அவர்கள் தீ வைக்கும்போது நம் வீட்டுக்குத் திரும்பிவிடும்! ஆண்டுக்கு ஒருநாள் கோயிலிற் சொக்கப்பனை கொளுத்துவதோடு இதனை ஒப்பிட்டு வாதாடுகிறவர்களும் உண்டு. சொக்கப்பனை கால் நாழிகையில் எரிந்து முடியும். இத்தீ தை முதல் பங்குனி வரை அணைவதில்லை. எங்கள் வெட்டுகல் மண் புளிப்பேறிய ஏழை மண். இரண்டு பருவ மழையும் அடித்துக் கழுவும் சரிவு. அம்மண்ணுக்கு ஏதேனும் உயிர் இருக்குமாயின் அது அந்தச் சருகில்தான் இருக்கிறது. சருகைத் தென்னை மூட்டிலே வட்டமாக இட்டு மேலே சிறிது மண் போட்டு மூடினால் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலை பாதியாகும்.

இக்காலனியில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. இங்கே அமர்ந்திருப்பவருள் ஊரில் ஒரு துண்டு ஏலாவோ, ஒரு பத்து சென்டுப் புரையிடமோ இல்லாதவர் சிலரே. அண்ணனிடமோ, மைத்துனரிடமோ, பக்கத்து வீட்டுக்காரரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பார்த்துக்கொள்பவர் எளிய வழியைத்தான் தேடுவார். வயலைத் தரிசாகப் போடுவது எளிது, வாழைக்கு விடுவது எளிது, சருகைக் கொளுத்துவது எல்லாவற்றினும் எளிது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை நிலம் உடையவனுக்கு உண்டு. அந்த உரிமையை மாதம் ஒருமுறை தொலைபேசியிற் செலுத்துவதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

பொங்கல் கழிந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில், மாசி பிறந்ததும், எஞ்சியிருக்கும் ஏலாக்களிற் கும்பப்பூ அறுப்பு தொடங்கும். வயலிருப்பவர்கள் இவ்வாரமே ஊருக்குப் பேசுங்கள். அறுக்கப்போவது ஆளா, இயந்திரமா என்று கேளுங்கள். இயந்திரமென்றால், வைக்கோல் சுருட்டும் வண்டி பின்னே வருமா, எவ்வளவு கேட்கிறான் என்று விசாரியுங்கள். சிறு வயலுக்குத் தனியாக அவன் வரமாட்டான். பக்கத்து நாலு வயற்காரரும் ஒரே நாளில் அறுத்தால் வருவான். இதை முன்னின்று பேசி முடிக்க ஊரில் ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவராகவே அவர் இருக்கலாம். பால் சங்கத்துக்கு ஊற்றும் அக்காமாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கட்டு வரப்பில் நனையாமல் தொழுவத்துக்குப் போய்ச் சேரும். யார் வீட்டில் இன்னும் பசு இருக்கிறதென்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பெயரோடு சொல்லுவார்.